அளவக்காவும் இரண்டு ஊசிகளும்

'இதுவரைக்கும் நானாக எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்? புருஷனை அப்பா பார்த்தார். வேலையைப் புருஷனின் அண்ணன் பார்த்துக் கொடுத்தார். பெண்ணுக்குப் பெயரை மாமியார் வைத்தாள். வீட்டுச் சுவரின் நிறத்தைக்கூட எதிர்வீட்டில் மிஞ்சிப்போன பெயின்ட் டப்பா முடிவு செய்தது. இப்போது இந்த டாக்டரம்மா ரெண்டு ஊசியை மேசைமேல் வைத்துவிட்டு, எது வேணும்னு நீங்களே சொல்லுங்க என்கிறாளே, இது எந்த ஊர் நியாயம்?'

மனசுக்குள் இவ்வளவு ஓடியும், வெளியே அவள் எல்லாம் புரிந்தவள் போலத் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

மேசைமேல் இருந்தவை நிஜ ஊசிகள் அல்ல. மருந்தைப் பேனா வடிவக் குழலில் அடைத்து விற்கிறார்கள்; இவை காட்டுவதற்காக வைத்திருக்கும் காலிப் பேனாக்கள். டாக்டரம்மா இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பொறுமையாகச் சொன்னாள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. முழங்கால் தேய ஆரம்பித்திருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு எடை இடுப்பைச் சுற்றி வந்து உட்காருவது உங்கள் குற்றமில்லை, உடம்பின் குணம். இரண்டு மருந்துமே வாரத்துக்கு ஒரு முறை. இரண்டையுமே கொஞ்சமாக ஆரம்பித்து மெல்ல ஏற்ற வேண்டும். இரண்டிலும் குமட்டல் வரலாம், மலச்சிக்கல் வரலாம். பழைய ஊசி அதிக காலம் புழக்கத்தில் இருப்பதால் அதைப் பற்றி நமக்கு அதிகம் தெரியும். புது ஊசியில் சராசரியாக எடை இன்னும் கூடுதலாக இறங்குகிறது.

"ஆனா சராசரிங்கறது சராசரிதான்," என்றாள் டாக்டரம்மா. "உங்க உடம்பு எந்தப் பக்கம் நிக்கும்னு போட்டாத்தான் தெரியும். எதைப் போட்டாலும் புரதம் சாப்பிடணும், கொஞ்சம் எடை தூக்கிப் பயிற்சி பண்ணணும். இல்லன்னா கொழுப்போட சதையும் போயிடும். நிறுத்தினா பெரும்பாலும் பழைய எடை திரும்பி வரும். அதையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, கணையத்தில் தொந்தரவு வந்ததுண்டா என்றெல்லாம் டாக்டரம்மா முன்பே கேட்டு முடித்திருந்தாள். அவள் உடம்புக்கு இரண்டுமே ஒத்துவரும். மிச்சமிருந்தது அவள் மனசு ஒன்றுதான்.

அந்த மனசு இத்தனை விவரத்திலும் ஒரே ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது. மெல்ல. புதுசில் கூடுதலாக இறங்கும் என்றால், பழைய ஊசியில் மெல்ல இறங்கும். மெல்ல இறங்கினால் யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் வேலை பார்த்த தையல் கம்பெனி, பெண்கள் வீட்டில் உடுத்தும் கவுன் ஒன்றை மட்டும் தைத்தது. அதுவும் ஒரே அளவில். ஒல்லிக்கும் நடுத்தரத்துக்கும் யார் வேண்டுமானாலும் தைப்பார்கள், இரண்டு பிள்ளை பெற்று, நாற்பதைத் தாண்டி, நாற்காலியை நிறைத்து உட்காருகிற பெண்ணுக்கு ஒழுங்காகத் தைக்க எங்களை விட்டால் ஆளில்லை என்பது கம்பெனியின் பெருமை. அந்தப் பெருமைக்கு உடம்பு கொடுத்தவள் அவள்.

பேருக்கு அவள் செக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர். ஆனால் புதுத் துணி வந்து இறங்கும்போதெல்லாம் சாம்பிள் ரூமில் இருக்கும் குட்டை மேடைமேல் ஏறி நிற்க வேண்டியவளும் அவள்தான். கட்டிங் மாஸ்டர் அவள்மேல் துணியைப் போர்த்தி, குண்டூசி குத்தி, அதிலிருந்து அட்டை வெட்டுவார். அந்த அட்டையை வைத்துத்தான் ஆயிரக்கணக்கில் கவுன்கள் வெட்டுப்படும். அடுத்த துணிக்குப் புது அட்டை. பழையது குப்பைக்கு. ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு விதமாக விழும் என்பார் மாஸ்டர். டேப் பொய் சொல்லும், ஆள் பொய் சொல்லமாட்டாள் என்றும் சொல்வார். எண்களை அவர் எங்கும் எழுதி வைத்ததில்லை.

அவள் சும்மா நிற்கிற பொம்மையும் இல்லை. மேடைமேல் நின்று கையைத் தூக்கி மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுப்பாள், இல்லாத டப்பாவை. குனிந்து இல்லாத தரையைத் துடைப்பாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்திருப்பாள். பிறகு, "மாஸ்டர், அக்குள்ள பிடிக்குது. துணி காயப்போடும்போது கிழியும்," என்பாள். ஊரில் எத்தனை பெண்கள் எத்தனை கொடிகளில் துணி உலர்த்துகிறார்களோ, அத்தனை பேருக்காகவும் அவள் ஒருத்தி அக்குளைப் பார்த்துக்கொள்வாள். அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டவர்கள் வேறு கவுனைத் தேடிப் போகாததற்கு அதுதான் காரணம். கம்பெனியில் சின்னவர்கள் பெரியவர்கள் எல்லோரும் அவளை அளவக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் அது அவளுக்குச் சுருக்கென்றது. பிறகு பட்டம் போல ஆகிவிட்டது.

பட்டத்தைத் தொலைத்துவிட்டு வீட்டில் உட்கார முடியுமா? அந்தக் கம்பெனியில் அவளைவிட வேகமாகச் செக்கிங் பார்ப்பவர்கள் இருந்தார்கள். அவளைப் போல ஒரு உடம்பு மட்டும்தான் இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துகொண்டார்கள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஏறுவதும் இறங்குவதும் அவர் பிழைப்பு. புது ஊசிதான் என்று அடித்துச் சொன்னார். இறங்குவதென்று ஆனபிறகு மாடிக்கு மாடி நின்று நின்று இறங்குவானேன், நேராகத் தரைத்தளத்துக்குப் போய்விட வேண்டியதுதானே என்பது அவர் கட்சி. மகள் பழைய ஊசிக்கு வக்காலத்து வாங்கினாள். நாலு பேர் போட்டுப் பார்த்ததைத்தான் போட வேண்டும், அம்மா என்ன சோதனைச் சாலையா என்றாள். போனில் வந்த நாத்தனார், ஊசியே வேண்டாம், வெந்நீர் குடி என்றாள். வெந்நீர் குடித்தே நாத்தனார் ஊதியிருந்ததை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரம் மோதிக்கொண்டார்கள். ஊசி தனக்கு என்பதே அவளுக்குச் சில நேரம் மறந்துபோனது.

"நீ என்னம்மா சொல்றே?" என்று மகள் கடைசியில் கேட்டாள்.

"பழசே போட்டுக்கறேன்," என்றாள் அவள்.

மகள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டாள். புருஷன், பெண்கள் இருவரும் ஒரு கட்சி என்று முணுமுணுத்துவிட்டு, ஃபிரிட்ஜில் முட்டை வைக்கும் தட்டை ஒழித்துக் கொடுத்தார். உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும் என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டதிலிருந்து, லிஃப்ட் மோட்டாரைச் சோதிப்பதுபோல ஃபிரிட்ஜில் காதை வைத்துச் சோதிக்கவும் ஆரம்பித்தார். மனிதருக்கு அன்பைக் காட்ட ஏதாவது ஒரு இயந்திரம் நடுவில் தேவைப்படும்.

முதல் ஊசி அன்று அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வயசைக் குண்டூசிகளுக்கு நடுவே கழித்தவளுக்கு இந்த முடி போன்ற ஊசியைக் குத்திக்கொள்ள மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். திறந்தபோது வேலை முடிந்திருந்தது. 'இவ்வளவுதானா?' என்று அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சில நாள் குமட்டியது. பிறகு ஒரு வினோதம் நடந்தது. அவள் தலைக்குள் சின்ன வயசிலிருந்தே ஒருத்தி உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். அந்த டப்பாவில் இன்னும் ரெண்டு இருக்கே, மிஞ்சினது வீணாப்போகுதே, நீ இன்னிக்கு எவ்வளவு உழைச்சிருக்கே, எடுத்துக்கோயேன். அவளை ஒரு குறையாகவே இவள் நினைத்ததில்லை. எல்லோருக்கும் உள்ளே அப்படி ஒருத்தி இருப்பாள், மற்றவர்கள் அவளை அதட்டி வைத்திருக்கிறார்கள், தனக்குத்தான் அதட்டத் தெரியவில்லை என்றே நினைத்திருந்தாள். அந்த ஒருத்தி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். டப்பா டப்பாவாக இருந்தது. அதில் இருந்த ரெண்டும் ரெண்டாக இருந்தன. இத்தனை வருஷம் தன்னைச் சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவள் என்று திட்டிக்கொண்டதெல்லாம் எவ்வளவு அநியாயம் என்று சமையலறையில் நின்றபடி அவளுக்கு அழுகை வந்தது. மற்றவர்கள் கெட்டிக்காரிகள் இல்லை. அவர்கள் வீட்டில் சத்தம் குறைவு, அவ்வளவுதான்.

டாக்டரம்மா சொன்னபடி முட்டையும் பயறும் தின்றாள். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்கினாள். மெல்ல இறங்கும் என்று நம்பி எடுத்த ஊசியோ சராசரியை மதிக்கவில்லை. முழங்கால் மாடிப்படியில் முனகுவதை விட்டது. இடுப்பு கரைய ஆரம்பித்தது.

மாஸ்டர் எதையும் சொல்லவில்லை. வாய் நிறையக் குண்டூசி வைத்திருப்பவருக்குப் பேச வசதியில்லை. ஆனால் அவர் கைகள் பழக்கப்படி அவள் உடம்பைப் பின்தொடர்ந்தன. துணியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தன, குத்தின, அடுத்த அட்டை வெட்டின. ஆள் பொய் சொல்லமாட்டாள் அல்லவா.

அப்போதுதான் கடைகளுக்குப் போன கவுன் கட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன.

திரும்பி வரும் துணி விஷயத்தில் அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் இருந்தது. 'கேள்வி கேட்காமல் திரும்ப எடுத்துக்கொள்வோம்' என்று பையில் அச்சடித்திருப்பார்கள். சொன்ன சொல் தவறாமல், யாரும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். கட்டைப் பிரிக்கவும் மாட்டார்கள். திரும்பி வந்ததைப் பிரித்துப் பார்த்தால் மனசு உடைந்துவிடும், கட்டோடு மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிடு என்று பழைய முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது அவர் மகள் முதலாளியம்மா. வீட்டில் அப்பா பேச்சை அவள் கேட்டதாகத் தெரியவில்லை. கம்பெனியில் மட்டும் ஓர் எழுத்து மீறமாட்டாள்.

வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ கட்டு வந்த இடத்தில் இப்போது கோடவுனின் ஒரு மூலை நிறைந்தது. முதலாளியம்மா தையல்காரர்களைச் சந்தேகப்பட்டாள். மாஸ்டர் துணி சுருங்குகிறது என்றார். துணி விற்றவன் சாயப்பட்டறையைக் கை காட்டினான். அளவக்காவுக்கு மட்டும் யாரையும் சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை.

'நான் இளைத்தேன். அட்டை இளைத்தது. ஊரெல்லாம் பெண்கள் கழுத்தை நுழைத்துவிட்டு, இடுப்பு நுழையாமல் கண்ணாடி முன்னால் நிற்கிறார்கள். ஒவ்வொருத்தியும் தன்னையே திட்டிக்கொள்வாள். என்னைப் போல.'

அந்த நினைப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேலை போவதுகூட அப்புறம்தான்.

மறுமுறை மேடை ஏறும்போது உள்ளே ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டாள். மாஸ்டர் குண்டூசிகளை எடுத்துவிட்டு, வெளியே வெயில் கொளுத்துகிறதே, உள்ளே ஆடு மேய்க்கிற கம்பளி எதற்கு என்று கழற்றச் சொன்னார். அடுத்த முறை இடுப்பைச் சுற்றி ஒரு குளியல் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். அது எடுபட்டது.

"கொஞ்ச நாளா நீ வாடியிருந்தேம்மா. இப்பத்தான் பழையபடி இருக்கே," என்றார் மாஸ்டர் திருப்தியாக.

துண்டின் அளவுக்கு அட்டை விரிந்தது. புதுக் கவுன்கள் கடைகளுக்குப் போயின. இனி எல்லாம் சரியாகும் என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

திரும்பி வந்த கட்டுகள் கோடவுனின் அடுத்த மூலைக்கும் பரவின.

'துண்டு போதவில்லை,' என்று முடிவு செய்தாள். இன்னொரு துண்டைச் சேர்த்தாள். கட்டுகள் இன்னும் கூடின. ஊசி இறக்கும் வேகத்துக்குத் துண்டால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று கணக்குப் போட்டாள். டாக்டரம்மாவிடம் போய், இடுப்பை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் இறக்குகிற மாதிரி ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆனது. பிறகு ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினாள். சர்க்கரை எல்லைக்கோட்டை விட்டு நன்றாகப் பின்வாங்கியிருந்தது.

"இது உங்களுக்கு நல்லா ஒத்துப்போயிருக்கு. ஏன் குழம்பறீங்க? நல்லாத் தேர்ந்தெடுத்தீங்க."

நல்லாத் தேர்ந்தெடுத்தீங்க. அப்படி ஒரு வாக்கியத்தை அவளிடம் யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நிறுத்த மனசு வரவில்லை. நிறுத்தாமல் இருக்கவும் நியாயம் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான் இருந்தது. பழைய உடம்பைத் தைத்துவிடுவது.

வீட்டில் பழைய சோபா மெத்தை ஒன்று கிடந்தது. அதன் பஞ்சை எடுத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்தாள். புருஷன் என்னவென்று கேட்டதற்கு முதுகுவலிக்குப் பட்டை என்றாள். அளவெடுக்க அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை. அந்த உடம்புக்குள் இத்தனை வருஷம் குடியிருந்தவள் அவள். இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சரியும், அதைச் சரித்தாள். முதுகுப்புறம் உள்ளாடைக்குக் கீழே ஒரு மடிப்பு விழும், அதை மடித்தாள். தொப்புளுக்குக் கீழே பிரசவத்துக்குப் பிறகு வந்து திரும்பிப் போகாத அந்த மெத்தையை வைக்கும்போது கை கொஞ்சம் நின்றது. அந்த உடம்பை அவள் வெறுத்ததாக நினைத்திருந்தாள். வெறுத்தவள் இவ்வளவு துல்லியமாக ஞாபகம் வைத்திருப்பாளா? எத்தனை பெண்களைச் சௌகரியமாக உட்கார வைத்த உடம்பு. முடிந்ததும் அதை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தாள்.

அதைக் கட்டிக்கொண்டு மேடை ஏறிய அன்று சாம்பிள் ரூமில் மாஸ்டரும் அவளும் மட்டும். பூப்போட்ட துணி. மாஸ்டர் இடுப்பருகே துணியை மடித்து, குண்டூசியை எடுத்து, வேலை மும்முரத்தில் சற்று அழுத்திக் குத்தினார். ஊசி தலைவரை உள்ளே போனது.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் கையை எடுத்தார். ஊசியின் தலையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தன் தொழிலில் எத்தனையோ பேரைத் தெரியாமல் குத்தியிருக்கிறார். எல்லோரும் துள்ளியிருக்கிறார்கள், ஒருத்தி அறைந்தும் இருக்கிறாள். இப்படி ஒருவர் ஜன்னலைப் பார்த்து அவர் பார்த்ததில்லை.

"அம்மா, வலிக்கலையா?"

"எது மாஸ்டர்?"

மாஸ்டர் வாயிலிருந்த ஊசிகளையெல்லாம் துப்பிவிட்டார். சர்க்கரை முற்றினால் உணர்ச்சி போய்விடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார் போல. அவளை உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், முதலாளியம்மாவுக்கு ஆள் அனுப்பினார், கால் விரலை ஆட்டிக் காட்டச் சொன்னார். அவள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் அவள் திரும்பி நின்று, முடிச்சை அவிழ்த்து, தன் பழைய இடுப்பை எடுத்து வெட்டு மேசைமேல் வைத்தாள். அதன் பக்கவாட்டில் குண்டூசி குத்தி நின்றது.

மாஸ்டர் அதிலிருந்து குண்டூசியைப் பிடுங்கினார். பிறகு கையில் எடுத்துத் திருப்பி, ஓரத் தையலைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"யாரு தைச்சது?"

"நான்தான்."

"ஒரு பிசிறு இல்ல," என்றார் மாஸ்டர். அவர் குரலில் கோபத்தைவிட மரியாதைதான் இருந்தது. "இந்த இடப்பக்கச் சரிவு இருக்கு பாரு, இதை என் கையால வெட்டவே எனக்கு நாலு வருஷம் ஆச்சு."

அதற்குள் முதலாளியம்மா ஓடி வந்துவிட்டாள். அளவக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி, இளைப்பு, கம்பளி, துண்டு, இரண்டாம் துண்டு, மெத்தை. கட்டுகள் திரும்பி வருவது தன்னால்தான் என்றாள். ஊரில் அத்தனை பெண்களையும் கண்ணாடி முன்னால் அழவைத்தது தான்தான் என்றும் சொன்னாள்.

முதலாளியம்மா கெட்டவள் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். உடம்பு இப்போது எப்படி இருக்கிறது, குமட்டல் இல்லையே என்று முதலில் அதைத்தான் விசாரித்தாள். பிறகு கோடவுன் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நான் கேக்கறது தப்புதான். தெரிஞ்சேதான் கேக்கறேன். அந்த ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்த முடியுமா?"

"நிறுத்தினா எடை திரும்பி வந்துடும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கம்மா."

"அதுதானேக்கா நமக்கு வேணும்," என்றாள் முதலாளியம்மா பரிதாபமாக. "உங்க உடம்பை நம்பித்தான் இங்க இத்தனை மெஷின் ஓடுது. வேற ஒருத்தியை நிறுத்தலாம். ஆனா அவளுக்கு எங்க பிடிக்குதுன்னு சொல்லத் தெரியணுமே."

மாஸ்டர் மேசைமேல் இருந்த மெத்தையைக் காட்டி, இதையே பொம்மைக்குக் கட்டிவிட்டு வெட்டலாமே என்று ஒரு யோசனை சொன்னார். அது குனிஞ்சு தரை துடைக்குமா என்று முதலாளியம்மா கேட்டதும் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்கு மெஷின்களின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருந்த பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மாடிப்படியில் முனகாத முழங்காலும் தெரிந்தது. சத்தமில்லாத சமையலறையும் தெரிந்தது. தான் சரி என்று சொல்லிவிடப் போகிறோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். தலைக்குமேல் உயரத்துக்கு ஒரு கட்டைக் கட்டிப் பிடித்திருந்தாள். கடைத்தெருவில் அவர்கள் கவுனை ஆரம்பத்திலிருந்தே விற்றுவரும் கடைக்காரம்மா. கட்டை மேசைமேல், அளவக்காவின் பழைய இடுப்புக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். எத்தனை கட்டு அனுப்பினாலும் ஏனென்று ஒரு வார்த்தை கேட்காத கம்பெனியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், அதான் நானே வந்தேன் என்றாள்.

முதலாளியம்மா எழுந்து, தப்பு எங்கள் பேரில்தான், கவுன் சின்னதாகிவிட்டது, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், இனி பழைய அளவுக்கே பெரிதாக்கிக் கொடுத்துவிடுகிறோம் என்று மன்னிப்புக் கேட்டாள்.

கடைக்காரம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். கட்டைப் பிரித்து, மேலே இருந்த ஒரு கவுனை உதறித் தன்மேல் வைத்துக் காட்டினாள். அந்தக் கம்பெனியில் திரும்பி வந்த கட்டு ஒன்று பிரிபட்டது அதுதான் முதல் தடவை.

"சின்னதா? இதுக்குள்ள நான், என் மருமக, கல்லாப்பெட்டி மூணும் போகலாம். நடுவுல ரெண்டு மாசம் அனுப்பினீங்களே, அதுதான் ஏதோ ஒட்டி வந்துச்சு. அதுவும் லூஸுதான், பிடிச்சுத் தைச்சு வித்தேன். அப்புறம் வந்ததெல்லாம் கூடாரம். எங்க கடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம் இப்ப ஊசி போட்டுக்கிறாங்கம்மா. போன வருஷம் இருந்த அளவுல இன்னிக்கு ஒருத்தியும் இல்ல. உங்களுக்கு மட்டும்தான் விஷயம் தெரியலையா?"

மாஸ்டர் குனிந்து, துப்பிய குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். இரண்டு துண்டு, ஒரு கம்பளி, மூன்று ஞாயிற்றுக்கிழமை. அளவக்காவுக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. கண்ணாடி முன்னால் அழுதுகொண்டிருந்ததாக அவள் நினைத்த பெண்கள் எல்லோரும் இப்போது அவள் மனசுக்குள் தொளதொளத்த கவுனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

முதலாளியம்மா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பார்வை அளவக்காவின் மேல், இந்தப் புது இடுப்பின் மேல், ஒரு வியாபாரியின் கவனத்தோடு நின்றது. பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, அப்ப நிறுத்த வேண்டாம். நிறுத்தவே கூடாது. ஆனா நாம பின்தங்கிட்டோமே. அந்த இன்னொரு ஊசி, புதுசு, அது இன்னும் சீக்கிரமா இறக்குமாமே. அதுக்கு மாறிக்கிறீங்களா? டாக்டர்கிட்ட நானே வந்து பேசறேன்."

அளவக்கா மேடைமேல் ஏறினாள். பூப்போட்ட துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கை இரண்டையும் விரித்து மாஸ்டருக்காக நின்றாள்.

"வேண்டாம்மா," என்றாள். "இது நான் பார்த்து எடுத்தது. அவங்களை என் அளவுக்கு வரச் சொல்லுங்க."